மருந்து இல்லை என்று எழுதிய சீட்டு

போன வாரம், இப்போது பணியில் இருக்கும் மருந்தாளுநர் பெண் ஒருத்தி என்னைப் போனில் கூப்பிட்டாள். மனநலப் பிரிவு டாக்டர் ஒரு நோயாளியின் சீட்டில் ‘மருந்து இல்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டாராம். அந்த ஆள் மருந்து ஜன்னலை விட்டு நகராமல் நிற்கிறாராம்.

“ரெண்டு பஸ்ஸு மாறி வந்துட்டு வெறுங்கையோட போகவான்னு கேக்குறாரு மேடம். ஒரு பி-காம்ப்ளெக்ஸ் குடுத்து அனுப்பிரவா?” என்றாள்.

“குடுக்காத” என்றேன்.

“வெறும் சத்து மாத்திரைதான மேடம்? அதுல என்ன கெடுதி?”

என்ன கெடுதி என்பதைப் போனில் சொல்ல வரவில்லை. ஜன்னலில் வரிசை நிற்கும்போது கதை கேட்க அவளுக்கும் நேரம் கிடையாது. அதனால் எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள அதிகம் ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் அந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் ஒன்று டீச்சர் ஆவார்கள், இல்லையென்றால் நர்ஸ் ஆவார்கள். எனக்கு இரண்டுக்கும் மார்க் பற்றவில்லை. மதுரையில் மருந்தாளுநர் படிப்பில் இடம் கிடைத்தது, படித்தேன், அரசு வேலையும் கிடைத்தது. இருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் கடைசிவரை என்னை நர்சம்மா என்றும் நர்சக்கா என்றும்தான் கூப்பிட்டார்கள். நானும் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

தேனி தனி மாவட்டமான சமயத்தில் வருசநாட்டுப் பக்கம் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில் இருந்தேன். கடமலைக்குண்டில் சந்தை கூடும் நாளில் எங்களுக்கும் கூட்டம் கூடும். காய்கறி வாங்க வந்த கையோடு உடம்பையும் காட்டிவிட்டுப் போவார்கள். பாதிப் பேருக்கு ஒரே புகார், படபடப்பு. ரத்தசோகை பிடித்தவளுக்கும் படபடப்பு, தைராய்டு கெட்டவளுக்கும் படபடப்பு, மகன் ஊரைவிட்டு ஓடிப்போன தாய்க்கும் படபடப்பு, கிணற்றை எட்டிப் பார்க்கப் பயந்தவனுக்கும் படபடப்பு. எங்களிடம் இருந்ததும் ஒரே டப்பாதான், டயசிபாம் ஐந்து மில்லிகிராம். டாக்டர் எழுதுவார், நான் எண்ணிப் போட்டுக் கொடுப்பேன். வாங்கிப் போனவர்கள் தூங்கினார்கள். தூங்கியதால் குணமாகிவிட்டது என்று அவர்களும் நம்பினார்கள், நாங்களும் நம்பினோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் அரசு மருத்துவமனைக்கு மாற்றலாகி வந்தேன். பெயர் வேண்டாம். அங்கே செவ்வாய்க்கிழமைதோறும் மனநல டாக்டர் ஒருவர் வருவார். அவர் பெயரை வைரவன் என்று வைத்துக்கொள்வோம். என்னைவிடப் பத்து வயது சின்னவர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். வந்த முதல் நாளே மேசையைச் சுவரோரம் தள்ளச் சொல்லிவிட்டு, நோயாளி உட்காரும் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். இந்த ஆளுக்கு இந்த ஊரில் மரியாதை கிடைக்காது என்று நினைத்தேன். அந்தக் கணக்கு தப்பாகப் போனது.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளி பேசும்போது பேனாவுக்கு மூடி போட்டிருப்பார். மூடியைத் திறந்தால்தான் மருந்து எழுதப்போகிறார் என்று அர்த்தம். சில பேருக்கு மூடி திறக்கவே திறக்காது. அவர்களுடைய சீட்டில் கடைசியாக ‘மருந்து இல்லை’ என்று எழுதி, அடியில் ஒரு கோடு போடுவார். வெற்றுச் சீட்டாக அனுப்பினால் எழுத மறந்துவிட்டார் என்று நான் நினைத்துவிடக் கூடாதல்லவா, அதற்காக அந்தக் கோடு.

மதியம் கூட்டம் கலைந்ததும் அன்றைய சீட்டுகளை எடுத்துக்கொண்டு மருந்தறைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். “இது எதுக்கு எழுதியிருக்கேன்னு சொல்லுங்க மேரிம்மா” என்பார். எனக்குப் பாடம் நடத்தவில்லை. தான் எழுதியதைத் தானே ஒருமுறை சந்தேகப்பட்டுப் பார்க்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

படபடப்பு என்று வந்தவர்களிடம் அவர் கேட்கும் கேள்வி மூன்று. எப்ப வருது? எப்ப வராது? மூன்றாவதுதான் முக்கியம். எதை நினைத்துப் பயப்படுகிறார்களோ அது நாளைக்குக் கிடையாது என்று ஆகிவிட்டால் இன்றைக்குத் தூங்குவீர்களா என்று கேட்பார்.

திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் வந்தார். சாம்பல் நோய் வந்து கொடி போய்விடுமோ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கழுத்தும் தோளும் கல்லாக இறுகிக் கிடக்கிறது, தூங்கி மாசக் கணக்காகிறது என்றார்.

“இந்த வருசம் சாம்பல் நோயே வராதுன்னு வச்சுக்கங்க. தூங்குவீகளா?” என்றார் டாக்டர்.

“அதெப்படி சார்? மகளுக்குப் பிரசவம் இருக்குல்ல?”

“அதும் நல்லபடியா முடிஞ்சிருது.”

தோட்டக்காரர் விடவில்லை. “பய திருப்பூர்ல கெடக்கான் சார். பைக்கு வாங்கியிருக்கான்” என்றார்.

டாக்டர் மூடியைத் திறந்தார். இது பொதுவான பதற்றம். ஒன்றைத் தீர்த்து வைத்தால் அடுத்தது வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இதற்கு மருந்து உண்டு. எங்கள் ஸ்டோரில் அப்போது இருந்தது ஃப்ளுவாக்ஸ்டின். எஸ்சிட்டலோபிராம் பின்னால்தான் வந்தது. காலையில் ஒன்று எழுதினார். இரவுக்கு டயசிபாம் பாதி, அதுவும் இரண்டே வாரத்துக்கு. ஜன்னலில் நான் சொல்ல வேண்டியதையும் சொல்லிக் கொடுத்தார். இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியாது, முதல் வாரம் படபடப்பு கொஞ்சம் கூடினாலும் கூடும், அதற்காக நிறுத்திவிடக் கூடாது. இதைச் சொல்லாமல் கொடுத்தால் நாலாவது நாளே மாத்திரை குப்பைக்குப் போய்விடும். அந்தத் தோட்டக்காரர் தேறினார். பைக் கவலை மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது, அது எல்லாத் தகப்பனுக்கும் இருப்பதுதான்.

இன்னொருவர் பள்ளி ஆசிரியர். ஊசியைப் பார்த்தாலே கீழே விழுந்துவிடுவார். யாரோ அவருக்குப் படபடப்பை அடக்க புரோப்ரனலால் எழுதியிருந்தார்கள். டாக்டர் அதை அன்றைக்கே நிறுத்தினார். மற்றப் பயங்களில் ரத்த அழுத்தம் ஏறும், ஊசிக்கும் ரத்தத்துக்கும் பயந்தவர்களுக்கு மட்டும் சட்டென்று இறங்கும், இந்த மாத்திரை இன்னும் இறக்கிவிடும் என்றார். ஊசி போடும்போது அழுத்தம் இறங்காமலிருக்கக் கை கால் தசைகளை இறுக்கிக்கொள்ளப் பழக்கினார். சீட்டில் ‘மருந்து இல்லை’, அடியில் கோடு. ஆசிரியர் என் ஜன்னலுக்கு வந்து, “இதுக்கா லீவு போட்டு வந்தேன்?” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

இந்த முணுமுணுப்பு எனக்குத் தாங்காது. என் பலவீனம் அது. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மாத்திரை இல்லாமல் திரும்பினால் வைத்தியம் பார்த்ததாகவே கணக்கில்லை. விருந்தாளியைக் காப்பித்தண்ணி கொடுக்காமல் அனுப்பியது போல எனக்கு உறுத்தும்.

இனி பவுன்தாயின் விஷயம்.

பவுன்தாய் சுருளிப்பட்டிக்காரி. அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கும் வேலை. விடிந்தும் விடியாமலும் ஊருக்குள் ஜீப் வரும். பதினாலு பதினைந்து பெண்கள் அடைந்து உட்கார்ந்து, லோயர் கேம்ப் வழியாக மலைப்பாதையில் ஏறிப் போய், சாயங்காலம் இறங்குவார்கள். வேறு எங்கோ எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு அவள் எங்களிடம் மாதாமாதம் டயசிபாம் வாங்கிக்கொண்டிருந்தாள், ஒரு நாளைக்கு இரண்டு வீதம். என்ன நோய் என்று எழுதியிருந்த இடத்தில் ‘பதற்றம்’ என்று இருந்தது. ஆறு மாதம் நானும் ஒரு கேள்வி கேட்காமல் கொடுத்தேன்.

ஆனால் நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். பழைய கவரைக் காட்டினால்தான் புது மாத்திரை. வீட்டில் மாத்திரை சேர்த்து வைப்பது நல்லதில்லை என்பதற்காக. பவுன்தாயின் கவரில் எப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஒரு மாதம் கை நிறைய மிச்சமிருந்தது.

“என்ன பவுனு, ஒழுங்கா போடலையா?”

“இந்த மாசம் ஹர்த்தாலு சாஸ்தியா வந்துருச்சுல்லக்கா” என்றாள்.

கேரளத்தில் நடக்கும் கடையடைப்பை ஹர்த்தால் என்போம். அன்றைக்கு எல்லையைத் தாண்டி ஒரு வண்டி ஏறாது. “ஹர்த்தாலுக்கும் மாத்திரைக்கும் என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“ஜீப்பு வராத அன்னைக்கு எதுக்குக்கா மாத்திரை?” என்றாள், நான் ஏதோ அறியாப்பிள்ளை மாதிரி கேட்டுவிட்டேன் என்பதைப் போல.

அந்தச் செவ்வாய்க்கிழமையே அவளை டாக்டரிடம் உட்கார வைத்தேன். என் வேலைக்காலத்தில் நானாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல இது ஒன்றுதான் உண்டு.

“ஜீப்பு எங்கன வரும்போது ஆரம்பிக்கும்?” என்று கேட்டார் டாக்டர்.

“வெள்ளன எந்திரிச்சு அடுப்பைப் பத்த வைக்கையிலேயே ஆரம்பிச்சிரும் சார். கையி வெலவெலன்னு வரும். கொண்டை ஊசி வளைவு வந்துட்டா உசிரே இருக்காது. எறங்கி வந்தப்பெறகும் நாளைக்கு ஏறணுமேன்னு அடிச்சுக்கும்.”

“ஞாயித்துக்கெழமை?”

“சனிக்கெழமை எறங்குனதுமே சரியாயிரும்.”

“நாளைக்கு ஹர்த்தாலுன்னு ஜீப்புக்காரரு சொல்லிட்டா?”

அவள் முகத்தில் வெட்கம் வந்தது. “நல்லாத் தூங்குவேன் சார்.”

அவளுக்கு நாள் முழுவதும் பதற்றம் இருந்தது உண்மைதான். அதனால்தான் முதலில் பார்த்தவர் பொதுவான பதற்றம் என்று எழுதிவிட்டார். வாரத்தில் ஆறு நாள் ஏறும் பாதைக்குப் பயந்தால் ஆறு நாளும் பதற்றமாகத்தான் இருக்கும். அது ஒரே ஒரு பயம், மலைப்பாதையில் வண்டி ஏறும் பயம். இதற்காக அவள் இரண்டு வேளை தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஏலச்சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை சறுக்கி விழுந்திருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாளாவது பயத்தில் போகாமல் நின்றுவிடுவாள். தினமும் வராவிட்டால் ஜீப்பில் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று கங்காணி சொல்லிவிட்டாராம். வீடு அவள் சம்பாத்தியத்தில்தான் நின்றது. அந்த இடம் போனால் அவளுக்கு வேறு வழி கிடையாது.

மதியம் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவரிடம் நான் கேட்டேன். “வாரத்துல நாலு நாளாவது ஏறுறாள்ல சார். இன்னேரம் பழகியிருக்கணுமே?”

“எப்படி ஏறுறாகன்னு கேட்டேன் மேரிம்மா. கண்ணை மூடிக்கிட்டு, பக்கத்துல இருக்கவுக மடியில தலையைக் குத்திக்கிட்டு, மாத்திரை போட்ட மயக்கத்துல. இதுல எங்கன பழகுறது? மேல போய்ச் சேந்ததும், மடி இருந்ததால பொழச்சேன், மாத்திரை இருந்ததால பொழச்சேன்னுதான மனசு கணக்கு வைக்கும்?”

அவர் திட்டம் இதுதான். ரொம்ப நாள் போட்ட டயசிபாமை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, உடம்பு திருப்பி அடிக்கும். ஆகவே இரண்டு மாதத்தில் பாதி, கால் என்று குறைப்பது. அதோடு ஒவ்வொரு ஊன்றுகோலாக எடுப்பது. முதலில் மடியிலிருந்து தலையை எடுக்க வேண்டும். பிறகு முதல் வளைவு வரை கண்ணைத் திறந்து வைக்க வேண்டும். பிறகு உச்சிவரை. கடைசியாகப் பின்பக்க ஓரத்தில், பள்ளம் தெரியும் இடத்தில் உட்கார வேண்டும். ஜீப் ஓட்டும் தங்கராசுவை ஒருநாள் வரவழைத்து, எந்த வாரம் எந்த இடத்தில் அவளை உட்காரவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தங்கராசு பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்.

மாத்திரை குறைந்து குறைந்து முடிந்த அன்று, அவள் சீட்டில் ‘மருந்து இல்லை’ என்று வந்தது. கோடும் இருந்தது. பவுன்தாய் ஜன்னலில் நின்றாள், நகரவில்லை.

“மாத்திரை இல்லாமப் போனா எங்க வீட்டுக்காரரு என்ன சொல்லுவாருன்னு தெரியுமாக்கா? டாக்டரே ஒன்னுமில்லன்னுட்டாரு, இம்புட்டு நாளும் வேலைக்குப் போக வணங்காம நடிச்சிருக்கன்னு சொல்லுவாரு. ஏதாச்சும் குடுங்க.”

கை தானாகவே பி-காம்ப்ளெக்ஸ் டப்பாவுக்குப் போனது. மஞ்சள் மாத்திரை பன்னிரண்டு எண்ணிக் கவரில் போட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “வண்டி ஏறுறதுக்கு முன்னாடி ஒன்னு போட்டுக்க. படபடப்பு அடங்கிரும்” என்றேன். என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அந்த வாக்கியம் முழுக்க என்னுடையது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவாள். டாக்டரிடம் சொல்லும்போது முகம் தெளிந்திருக்கும். கண்ணைத் திறந்து ஏறினாளாம். மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களை முதன்முதலாகப் பார்த்தாளாம். “இத்தனை வருசமா அதும்பக்கத்துலதேன் போயிருக்கேன், இம்புட்டுப் பெருசுன்னு தெரியாது சார்” என்றாள். ஓரத்து இடத்துக்கும் வந்துவிட்டாள். கங்காணியும் ஒன்றும் சொல்வதில்லை. பிறகு என் ஜன்னலுக்கு வருவாள், நான் மஞ்சள் கவரைத் தள்ளுவேன். டாக்டருக்கு இது தெரியாது.

தேனியில் மற்ற டாக்டர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில் அவர் இந்தக் கேஸைச் சொன்னார், பெயர் சொல்லாமல். மருந்தே இல்லாமல் தேறிய பயம் என்றார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்டினார்கள், நானும் தட்டினேன். சந்தோஷமாகவும் இருந்தது, திருட்டுத்தனம் செய்ததைப் போலவும் இருந்தது. சத்து மாத்திரை ஒரு மருந்தா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மஞ்சள் கவர் கொடுக்கத் தொடங்கிய பத்தாவது வாரம் அக்கா மகள் கல்யாணம் வந்தது. நான் செவ்வாயிலிருந்து சனிவரை லீவு. என் இடத்தில் வந்தவர் பவுன்தாயின் சீட்டைப் பார்த்தார், ‘மருந்து இல்லை’ என்று தெளிவாக இருந்தது, கோடும் இருந்தது. ஒன்றும் இல்லை, போகலாம் என்று அனுப்பிவிட்டார். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

லீவு முடிந்து திங்கட்கிழமை வந்தபோது தங்கராசு மருந்தறை வாசலில் நின்றிருந்தார்.

“நம்ம பவுன்தாயி மாடியில பொம்பளை வார்டுல இருக்காக” என்றார். “வெள்ளிக்கிழமை ஏறையில நல்லாத்தேன் இருந்தாக. மூணாவது வளைவுல முந்தானையைத் தடவுறாக. மாத்திரையைக் காணோம், மாத்திரையைக் காணோம்னாக. கையில இருந்த மிச்சம் மொத நாளே தீந்துருச்சாம். வண்டியை நிப்பாட்டுங்கன்னு கத்துனாக. நான் ஓரங்கட்டுறதுக்குள்ள குதிச்சிட்டாக. ஓரத்துலதேன உக்காந்திருந்தாக.”

கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது. வண்டி வளைவில் திரும்பியிருந்ததால் குதித்தது மலைப் பக்கம். பள்ளத்துப் பக்கமாக இருந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு மருந்தறைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அதுவரை பார்க்காத சோர்வு அவர் முகத்தில் இருந்தது.

“மாத்திரை மாத்திரைன்னுதான் கத்தியிருக்காக. நம்ம நிப்பாட்டுன பெறகு வெளிக் கடையில டயசிபாம் வாங்கித் தின்னுருக்காக போலருக்கு. கேட்டா, இங்க ஜன்னல்ல குடுத்ததுதேன்னு சாதிக்கிறாக. பொய் சொல்ற அளவுக்கு மாத்திரைக்கு அடிமையாயிருக்காகன்னு அர்த்தம்.” பேனா மூடியைத் திறந்தார். “கேஸ் ஷீட்டுல எழுதிற வேண்டியதுதான். எழுதுனா மறுபடி மொதல்ல இருந்து மருந்து வைத்தியம்தான்.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அவள் பொய்க்காரி என்றும் மாத்திரைக்கு அடிமை என்றும் காகிதத்தில் ஏறியிருப்பாள். மறுபடியும் அந்த டயசிபாம் என் ஜன்னல் வழியாகவே அவளுக்குப் போயிருக்கும்.

“அவ சொல்றது நெசந்தான் சார். நான்தான் குடுத்தேன்” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனாவுக்கு மூடி போட்டார்.

“ஏறுறதுக்கு முன்னாடி போட்டுக்கன்னு சொன்னீகளா?”

“சொன்னேன் சார்.”

“ராத்திரி சாப்பிட்டு ஒன்னுன்னு சொல்லியிருந்தாக்கூட இந்த அளவுக்கு வந்திருக்காது” என்றார். குரல் உயரவில்லை. “ஒவ்வொரு ஊன்றுகோலா நான் எடுத்துக்கிட்டே வந்தேன். நீங்க பின்னாலயே ஒன்னு குடுத்துக்கிட்டே வந்திருக்கீக. கண்ணைத் தொறந்தது, ஓரத்துல உக்காந்தது, எல்லாம் அந்த மஞ்ச மாத்திரையோட பேருக்குப் போயிருச்சு. அவுக பேருக்கு ஒன்னும் சேரல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அங்கேயே உட்கார்ந்து, பயிற்சிக்கு வந்திருந்த டாக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ‘நான் சொன்ன கேஸ் தவறு, அந்த நோயாளி தினமும் ஒரு மாத்திரை எடுத்திருக்கிறார், எனக்குத் தெரியவில்லை’ என்று. என் பெயரை எழுதவில்லை. எழுதி முடித்து என்னிடம் காட்டிவிட்டு, “அவுககிட்ட நீங்களே சொல்லிருங்க” என்றார்.

மாடிக்குப் போனேன். பவுன்தாய் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவர் ஈஸ்வரன் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தார்.

“பவுனு, நான் குடுத்தது படபடப்பு மாத்திரை இல்ல. வெறும் சத்து மாத்திரை. நோஞ்சான் பிள்ளைகளுக்குக் குடுக்குறது.”

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். “எம்புட்டு நாளா?”

“பெரிய மாத்திரையை நிப்பாட்டுனதுல இருந்து.”

“கண்ணைத் தொறந்து ஏறுனேனே, அப்பயுமா?”

“அப்பயும்.”

“ஓரத்துல உக்காந்தப்ப?”

“அப்பயும் அதுதான்.”

ஈஸ்வரன் குறுக்கே வந்தார். “அப்ப இவளுக்கு நோவுன்னு ஒன்னும் இல்லையா?”

“நோவு இருக்கு. அதுக்கு மாத்திரைதான் இல்ல” என்றேன். இதை அவரிடம் பத்து வாரத்துக்கு முன்னாலேயே வரவழைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கவர் மாத்திரையை விட அது செலவு குறைவு.

பவுன்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “என்னையச் சின்னப்புள்ளைன்னு நெனச்சீகளாக்கா?” என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் என்னைத் திட்டவும் இல்லை, அழவும் இல்லை. நான் படியிறங்கி வந்து, டப்பாவை மூடி மேல்தட்டில் வைத்தேன். அன்று வெட்கப்பட்ட அளவு அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

கட்டுப் பிரித்து, காலை ஊன்றி நடக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. கங்காணி அதுவரைதான் காத்திருப்பேன் என்று சொல்லியிருந்தார். விழுந்த பிறகு பயம் இரண்டு மடங்காக வரும், டயசிபாம் கேட்டாலும் கேட்பாள் என்று டாக்டர் எதிர்பார்த்தார். அவள் கேட்கவில்லை. முதல் நாள் மட்டும் யாராவது கூடப் போனால் நல்லது என்றார். நான் போகிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினார்.

அன்று விடிகாலையில் சுருளிப்பட்டியிலேயே ஜீப்பில் ஏறினேன். அவளைப் பின்பக்க ஓரத்துக்கு அடுத்த இடத்தில் உட்கார வைத்து, நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். சமதரைச் சாலைதான், இருந்தாலும் கூடலூர் தாண்டும் முன்பே அவள் கை என் கையைப் பிடித்துவிட்டது. வியர்த்து நனைந்திருந்தது. நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதிர்வரிசைப் பெண்கள் எங்களைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள்.

லோயர் கேம்பில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற தங்கராசு வண்டியை நிறுத்தினார். அதற்கு மேல் ஏற்றம்தான். பவுன்தாய் குனிந்து, கோத்திருந்த எங்கள் கைகளைப் பார்த்தாள்.

“நர்சக்கா, நீங்க எறங்கிக்கங்க.”

“ஏன்? மேல வரைக்கும் வாரேன். டாக்டர் சொல்லித்தான் வந்திருக்கேன்.”

“நாளைக்கு வருவீகளா?”

“நாளைக்கு ஆஸ்பத்திரி இருக்குல்ல” என்றேன்.

“நாளைக்கழிச்சு?”

“பவுனு…”

“வர மாட்டீகல்ல. இன்னைக்கு நீங்க வந்து நான் ஏறுனா, நீங்க வந்ததாலதேன் ஏறுனேன்னு ஆகும். அப்ப நீங்களும் அந்த மஞ்ச மாத்திரைதேன்.” கையை விடுவித்துக்கொண்டாள். “எறங்குங்கக்கா.”

இறங்கினேன். நான் இருந்த ஓரத்து இடத்துக்கு அவள் நகர்ந்து உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தங்கராசு என்னைப் பார்த்தார். போங்கள் என்று கை காட்டினேன்.

அங்கிருந்து பார்த்தால் மலைப்பாதையில் வண்டிகள் தெரியும், மறையும். முதல் வளைவில் தெரிந்தது. இரண்டாவதில் தெரிந்தது. மூன்றாவது வளைவில் மரங்களுக்கு நடுவே ஜீப்பின் வேகம் குறைந்தது. நான் சாலையின் நடுவுக்கே வந்துவிட்டேன். எதிரே இறங்கிய லாரிக்கு வழிவிட்டுவிட்டு, ஜீப் மேலே ஏறிப் போனது. வண்டியிலிருந்து யாரும் இறங்கவில்லை.